கடல் கடந்த வழக்கும் கரையோர நீதிமன்றமும்



கன்னியாகுமரி மாவட்டத்துக் களியக்காவிளையைக் கடந்து, இஞ்சிவிளை வழியாகப் பாறசாலைக்கும் அப்பால் நெய்யாற்றின்கரைக்கும் செல்லும் நெடுஞ்சாலையில் மதிலும் இல்லை, வேலியும் இல்லை. எனினும் அங்கே ஓர் எல்லை உண்டு. 1956 ஆம் ஆண்டு நவம்பர் 1 ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியே திருத்தி அமைக்கப்பட்டபோது, விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அதுகாறும் ஒரே அரசின் நீதிமன்றங்களை நாடி வந்த அண்டை ஊரார், அன்று முதல் இரு வேறு உயர் நீதிமன்றங்களின் ஆட்சிக்குள் வந்தனர். அண்ணன் வீட்டு வழக்கு மேல்முறையீடாக எர்ணாகுளத்துக்குச் செல்ல, தம்பி வீட்டு வழக்கு சென்னைக்குச் செல்லலாயிற்று. 2004 முதல் அது மதுரைக் கிளைக்குச் செல்கின்றது.

ஆகவே, “இவ்வழக்கை விசாரிக்கும் அதிகாரம் எந்த நீதிமன்றத்துக்கு உண்டு?” என்னும் கேள்வி இவ்வெல்லைச் சிற்றூர்களுக்குப் புதிதன்று. குற்றம் எங்கே நிகழ்ந்ததோ அங்கே விசாரணை என்பது பொதுவிதி. செயல் ஓரிடத்திலும் அதன் விளைவு மற்றோரிடத்திலும் நிகழுமாயின், இரண்டில் எந்த இடத்து நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்பது அதற்குத் துணைவிதி. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179 ஆம் பிரிவில் இருந்த அவ்விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்திலும் தொடர்கின்றது. இரு தனி மனிதர்களுக்கு இடையே அன்றி, இரு மாநிலங்களுக்கு இடையே வழக்கு எழுந்தாலும் வழி உண்டு. நெய்யாற்று நீரை விளவங்கோட்டுப் பாசனத்துக்கு விடுவது பற்றிய பிணக்கில், தமிழ்நாடு 2012 இல் உச்ச நீதிமன்றத்தையே நாடியது. இரு மாநிலங்களுக்கும் மேலாக அரசியல் சட்டமும் அதன் காவலாக ஒரு நீதிமன்றமும் இருப்பதால் இஃது இயலுகின்றது.

இரு நாடுகளுக்கு இடையே அதிகாரப் பிணக்கு எழுந்தால் என் செய்வது? அங்கே யார் மேல், யார் கீழ்? இதுவே இன்று நாம் சிந்திக்கப் புகும் பொருளாகும்.

நம் மக்களிடையே ஓர் எண்ணம் பரவலாக உண்டு. முன்சீப் கோர்ட்டுக்கு மேல் ஜில்லா கோர்ட்டு. அதற்கு மேல் ஹைக்கோர்ட்டு. அதற்கு மேல் தில்லியில் சுப்ரீம் கோர்ட்டு. அங்கும் தோற்றால் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம் என்று ஏணிப்படி போல அடுக்கிக் கொள்கின்றோம். இவ்வெண்ணம் பிழையானது. நம் நாட்டு வழக்குகளுக்கு உச்ச நீதிமன்றமே இறுதிப்படி. சர்வதேச நீதிமன்றங்கள் அந்த ஏணியின் மேற்படிகள் அல்ல. அவை வேறு வாயிலும் வேறு முறைகளும் உடைய வேறு இல்லங்கள். அவ்வாயிலில் நுழையும் உரிமை பெரும்பாலும் நாடுகளுக்கே உண்டு. தனி மனிதருக்கு இல்லை.

இதனை விளக்க, பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் தெற்கேயுள்ள கரையோரம் நன்கறிந்த வழக்கு ஒன்றை எடுத்துக் கொள்வோம். நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் கடலோரம் பூவாறு, பொழியூர் என்று சென்று எல்லையில் முடிய, அடுத்த அடியில் தமிழ்நாட்டின் நீரோடியும் வள்ளவிளையும் தூத்தூரும் தொடங்குகின்றன. கரையில் எல்லை இருப்பினும், கடலில் இவ்விரு மாநிலத்தாரும் ஒரே படகில் ஏறித் தொழில் செய்வது நெடுநாள் வழக்கம். குமரி மாவட்டத்து மீனவர் பலர் கொல்லத்தை அடுத்த நீண்டகரைத் துறையிலிருந்து ஆழ்கடலுக்குச் செல்வர்.

2012 ஆம் ஆண்டு பிப்ரவரி 15 ஆம் நாள் மாலை, அவ்வாறு சென்ற ‘புனித அந்தோணி’ என்னும் படகின்மீது, ‘என்ரிக்கா லெக்சி’ என்னும் இத்தாலிய எண்ணெய்க் கப்பலிலிருந்து துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. இரு மீனவர்கள் மாண்டனர். ஒருவர் கொல்லத்தைச் சேர்ந்தவர்; மற்றவர் குமரி மாவட்டத்தைச் சேர்ந்தவர். கடற்கொள்ளையர் என்று கருதி எச்சரித்துச் சுட்டதாகக் கப்பல் தரப்பு கூறியது. கப்பலில் காவலுக்கு இருந்த இத்தாலியக் கடற்படை வீரர் இருவர் பிப்ரவரி 19 இல் கைது செய்யப்பட்டனர். நீண்டகரைக் கடலோரக் காவல் நிலையத்தில் கொலைக் குற்றம் பதிவாயிற்று.

இங்கேதான் முதற்கேள்வி எழுந்தது. சம்பவம் நிகழ்ந்த இடம் கரையிலிருந்து ஏறத்தாழ 20.5 கடல் மைல், அதாவது சுமார் 38 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரையுள்ள நீர்ப்பரப்பு நாட்டின் முழு ஆட்சிக்கு உட்பட்டது. அதற்கு அப்பால் 200 கடல் மைல் வரை மீன், எண்ணெய் முதலிய வளங்களின்மீது மட்டும் நாட்டுக்குத் தனி உரிமை உண்டு. அதனைத் தனிப் பொருளாதார மண்டலம் என்பர். சம்பவ இடம் இவ்விரண்டாம் பகுதியில் இருந்தது. “எமது கொடி பறந்த கப்பல், எமது அரசின் வீரர், எமது கடமையைச் செய்தவர். விசாரிக்கும் உரிமை எமக்கே” என்று இத்தாலி வாதித்தது. கேரள உயர் நீதிமன்றம் 2012 மே 29 இல் அவ்வாதத்தைத் தள்ளிற்று. இந்தியத் தண்டனைச் சட்டம் பொருளாதார மண்டலத்துக்கும் நீட்டிக்கப்பட்டுள்ளது என்பது அத்தீர்ப்பின் அடிப்படைகளுள் ஒன்று.

வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2013 ஜனவரி 18 இல் தலைமை நீதிபதி அல்தமாஸ் கபீர், நீதிபதி செலமேஸ்வர் ஆகியோர் தீர்ப்பளித்தனர். அத்தீர்ப்பு நுட்பமானது. 12 கடல் மைலுக்கு அப்பால் கேரள மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை. ஆனால் இந்திய ஒன்றியத்துக்கு உண்டு. எனவே மத்திய அரசாங்கம் தனி நீதிமன்றம் ஒன்றை அமைத்து விசாரிக்க வேண்டும் என்பது அதன் சாரம். கொல்லத்தில் தொடங்கிய வழக்கு தில்லிக்குப் பெயர்ந்தது. குமரி மாவட்டத்துக் குடும்பத்துக்குக் கொல்லமே தொலைவு. தில்லி எத்துணைத் தொலைவு என்பதை அந்நகரில் வாழும் தமிழன்பர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

மாநிலம், ஒன்றியம் என்ற இரு நிலைகளைக் கடந்து, வழக்கு இனி நாடுகளுக்கு இடையிலான வழக்காயிற்று. தேர்தலில் வாக்களிப்பதற்காக உச்ச நீதிமன்றத்தின் அனுமதியுடன் தாயகம் சென்ற வீரர் இருவரையும் திருப்பி அனுப்ப இயலாது என்று இத்தாலி 2013 மார்ச்சில் அறிவித்தது. அவர்களுக்காக உறுதிமொழி அளித்திருந்த இத்தாலியத் தூதர் நாட்டைவிட்டு வெளியேறலாகாது என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அம்மாதம் 22 ஆம் நாள் வீரர்கள் திரும்பி வந்தனர். ஆனால் விசாரணை தொடங்கவில்லை. எந்தச் சட்டத்தின்கீழ், எந்த நிறுவனம் வழக்கு நடத்துவது என்னும் வாதத்திலேயே ஆண்டுகள் கழிந்தன. 2015 ஜூன் 26 இல் இத்தாலி சர்வதேச நடுவர் மன்றத்தை நாடியது.

இவ்விடத்தில் சற்று நின்று, ‘சர்வதேச நீதிமன்றம்’ என்று நாம் பொதுவாகச் சொல்லும் அமைப்புகளை வேறுபடுத்தி அறிதல் நலம். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போர்க்கு இவ்வேறுபாடு அன்றாடக் கவலை. ஏனெனில் ஒரே தமிழ்ச் சொல்லால் மூன்று நான்கு அமைப்புகளையும் குறித்துவிட்டால் பொருள் மயங்கிவிடும். முதலாவது, ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றம். இஃது ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் உறுப்பு. நீதிபதிகள் 15 பேர். நாடுகளுக்கு இடையிலான வழக்குகளை மட்டும் கேட்பது. இரண்டாவது, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் உள்ள சர்வதேசக் கடற்சட்டத் தீர்ப்பாயம். 1982 ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட ஒப்பந்தத்தின்படி அமைந்தது. நீதிபதிகள் 21 பேர். மூன்றாவது, 1899 இல் தோன்றிய நிரந்தர நடுவர் மன்றம். பெயரில் ‘நிரந்தர’ என்று இருப்பினும், அங்கே நிலையான நீதிபதிகள் குழு அமர்ந்திருப்பதில்லை. ஒவ்வொரு பிணக்குக்கும் தனித்தனி நடுவர் குழு அமையும். அதற்கு வேண்டிய அலுவலக உதவியை இம்மன்றம் அளிக்கும். நான்காவது, போர்க்குற்றம் போன்ற கொடுங்குற்றங்களுக்காகத் தனி மனிதரை விசாரிக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம். இதில் இந்தியா உறுப்பு நாடு அன்று.

இவை அனைத்துக்கும் அடிப்படை, நாடுகளின் சம்மதம். தான் ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தின் அளவிலேயே ஒரு நாடு பொதுவாக இவற்றின்முன் நிற்கக் கடமைப்பட்டது. கடற்சட்ட ஒப்பந்தத்தை இந்தியா 1995 இல் உறுதி செய்தது. இத்தாலியும் அதில் சேர்ந்த நாடு. அவ்வொப்பந்தத்தின் பொருளைப் பற்றிய பிணக்கை நடுவர்முன் கொண்டுசெல்ல அதிலேயே வழி உண்டு. எனவே நம் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பின்மீது மேல்முறையீடாக அன்று, ஒப்பந்தத்தை மீறியதாக ஒரு நாடு மற்றொரு நாட்டின்மேல் கொண்டுவந்த புகாராகவே இவ்வழக்கு வெளிநாடு சென்றது.

நடுவர் குழு அமையும் வரை, இடைக்கால உத்தரவு கோரி இத்தாலி ஹாம்பர்க் தீர்ப்பாயத்தை அணுகியது. 2015 ஆகஸ்ட் 24 இல் அத்தீர்ப்பாயம், 15 பேர் ஒருபுறமும் 6 பேர் மறுபுறமுமாக, ஓர் உத்தரவு பிறப்பித்தது. இந்தியா, இத்தாலி ஆகிய இரு நாடுகளுமே தத்தம் நீதிமன்ற நடவடிக்கைகளை நிறுத்தி வைக்க வேண்டும். புதியனவும் தொடங்கலாகாது என்பதே அது. வீரர்களை விடுவிக்குமாறு அது கூறவில்லை.

இனி நிகழ்ந்ததை நேயர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். ஹாம்பர்க் உத்தரவு நேரே கொல்லத்துக்கோ தில்லித் தனி நீதிமன்றத்துக்கோ வந்து எந்தக் கட்டையும் பூட்டிவிடவில்லை. அதன் பின்னர், 2015 ஆகஸ்ட் 26 இல், நம் உச்ச நீதிமன்றமே வழக்கை நிறுத்தி வைத்து ஆணையிட்டது. அயல்நாட்டுத் தீர்ப்பாயத்தின் சொல் நம் மண்ணில் செயலாயிற்று எனின், அது நம் நீதிமன்றத்தின் வாயிலாகவே ஆயிற்று. அரசியல் சட்டத்தின் 51 ஆவது ஷரத்து, சர்வதேசச் சட்டத்தையும் ஒப்பந்தக் கடமைகளையும் மதித்தலையும், நாடுகளுக்கு இடையிலான பிணக்குகளை நடுவர் வழியே தீர்த்தலையும் அரசின் நெறிகளாக வகுத்துள்ளது. ஒப்பந்தங்களை நிறைவேற்றுவதற்கு வேண்டிய சட்டங்களை இயற்றும் அதிகாரத்தை 253 ஆவது ஷரத்து பாராளுமன்றத்துக்கு அளிக்கின்றது.

சட்டம் இயற்றப்படாத நிலையில் ஒப்பந்தத்துக்கு யாதொரு பயனும் இல்லையோ எனின், அப்படியும் அன்று. 1980 இல் கொச்சி வங்கி தொடர்பான ஒரு கடன் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. கடனைச் செலுத்த இயலாதவரைச் சிறையில் அடைக்கலாமா என்பது கேள்வி. ஒப்பந்தக் கடமையை நிறைவேற்ற இயலாமை ஒன்றையே காரணமாகக் கொண்டு எவரையும் சிறையிடலாகாது என்று, இந்தியா ஏற்றுக்கொண்ட சர்வதேச உடன்படிக்கை ஒன்று கூறுகின்றது. நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், அவ்வுடன்படிக்கை தானாகவே நாட்டுச் சட்டமாகிவிடாது என்று தெளிவுபடுத்தினார்; அதே வேளையில், நாட்டுச் சட்டத்துக்குப் பொருள் காணும்போது அவ்வுடன்படிக்கையின் நெறியை மனத்தில் கொண்டார். வசதி இருந்தும் வஞ்சனையால் செலுத்தாதவரையே சிறையிடலாம். வறுமையால் இயலாதவரை அன்று என்று தீர்ப்பாயிற்று. ஹேக் நகரையோ ஹாம்பர்க்கையோ காணாத எளிய கடன்காரரையும் சர்வதேச நெறி இவ்வாறு வந்து காக்கக்கூடும்.

மீண்டும் கடல் வழக்குக்கு வருவோம். ஐவர் கொண்ட நடுவர் குழு நிரந்தர நடுவர் மன்றத்தின் ஆதரவில் கூடி, 2020 மே 21 இல் தீர்ப்பளித்தது. அதில் இரு கூறுகள் இருந்தன. வீரர் இருவரும் தம் அரசின் அலுவலராக நின்று செயற்பட்டவர். ஆதலால் பிறநாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்குக்கு உள்ளாகாத விலக்குரிமை அவர்க்கு உண்டு. இந்தியா அவர்கள்மீது வழக்கு நடத்தலாகாது. இது 3 பேர் ஒருபுறமும் 2 பேர் மறுபுறமுமாக முடிவான கூறு. மற்றையது, படகு தடையின்றிச் செல்லும் உரிமையை இத்தாலி மீறியது. உயிரிழப்புக்கும், உடல், பொருள் சேதத்துக்கும், படகின் தலைவரும் தொழிலாளரும் அடைந்த மனத்துன்பத்துக்கும் இந்தியா நஷ்டஈடு பெறும் உரிமை உடையது. வழக்கைக் குற்றவியல் முறையில் ஆராயும் பொறுப்பு இத்தாலியைச் சேர்ந்தது.

‘இந்தியா நஷ்டஈடு பெறும் உரிமை உடையது’ என்ற சொற்களில்தான் இப்பொருளின் உயிர் நிலை இருக்கின்றது. உரிமை பெற்றது நாடு. இழந்ததோ இரு குடும்பங்கள். மாண்டவரின் மனைவியும் மக்களும் அந்நடுவர் மன்றத்தில் கட்சிக்காரர் அல்லர், ஆகவும் இயலாது. அவர்களுடைய துயரம் அங்கே அரசின் குரலில்தான் ஒலித்தது. அரசு வாங்கித் தருவதை ஏற்றுக் கொண்டு அவர்கள் அமைந்திருக்க வேண்டியதுதானா?

அங்கேதான் நம் நீதிமன்றத்தின் பணி மீண்டும் தொடங்கியது. தீர்ப்பை ஏற்ற மத்திய அரசாங்கம், வழக்கை முடித்துவிடுமாறு 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தைக் கோரியது. மாண்டவர் குடும்பத்தாரைக் கேளாமலும், அவர்களுக்குத் தக்க ஈடு கிடைக்காமலும் முடிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் மறுத்தது. முன்னரே வழங்கப்பட்ட ரூ. 2.17 கோடிக்கு மேலாக ரூ. 10 கோடி இந்திய மண்ணில் வைப்பாக வந்து சேர்ந்த பின்னரே, 2021 ஜூன் 15 இல் வழக்கு முடிவுற்றது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ரூ. 4 கோடி, படகு உரிமையாளருக்கு ரூ. 2 கோடி என்று வகுத்து, அதனை முறையாகப் பங்கிட்டு வழங்கும் பொறுப்பு கேரள உயர் நீதிமன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டது. படகில் உயிர்தப்பிய ஏனைய தொழிலாளர் தமக்கும் பங்கு கோரினர். 2022 இல் உச்ச நீதிமன்றம், உரிமையாளரின் ரூ. 2 கோடியிலிருந்து ஒன்பது பேருக்குத் தலா ரூ. 5 இலட்சம் வழங்கச் செய்தது. கடலில் உடனிருந்த தொழிலாளியின் பங்கு என்ன என்பதை ஹேக் நகரம் கணக்கிடவில்லை. நம் நீதிமன்றமே கணக்கிட்டது.

ஆயினும் ஒன்று நிறைவேறாமலே நின்றது. சுட்டது குற்றமா, அன்றி அச்சத்தால் நேர்ந்த பிழையா என்பதைச் சாட்சிகளைக் கேட்டு, குறுக்கு விசாரணை செய்து, எந்நாட்டு நீதிமன்றமும் முடிவு செய்யவில்லை. உரோமாபுரியில் நடந்த ஆராய்ச்சியும் 2022 ஜனவரியில் கைவிடப்பட்டது. பணம் வந்தது, விசாரணை நிகழவில்லை. நாடுகளுக்கு இடையே அமைதி நிலவ வேண்டுமாயின் சில வேளைகளில் தனி மனிதர் செலுத்தும் விலை இது என்பர் அறிஞர் சிலர். அவ்விலை நேர்மையானதா என்பதை ஒவ்வொருவரும் தம் மனத்துள் எண்ணிப் பார்க்கலாம். ஆனால் அரசின் அலுவலர்க்குரிய இதே விலக்குரிமை, வேற்றுநாட்டில் கடமையாற்றும் நம் வீரர்க்கும் ஒருநாள் அரணாகக்கூடும் என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும்.

மறுபுறமாகவும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பாகிஸ்தானில் இராணுவ நீதிமன்றத்தால் மரண தண்டனை விதிக்கப்பட்ட குல்பூஷண் ஜாதவுக்காக இந்தியா சர்வதேச நீதிமன்றத்தை நாடியது. 2019 ஜூலை 17 இல் அந்நீதிமன்றம், தூதரக உதவி மறுக்கப்பட்டது ஒப்பந்த மீறல் என்று கண்டது. எனினும் அது தண்டனையைத் தானே நீக்கிவிடவில்லை. தண்டனையை மறுஆய்வு செய்யுமாறு பாகிஸ்தானையே பணித்தது. வென்ற வழக்கிலும் இறுதிச் செயல் உள்நாட்டு அமைப்புகளின் கையிலேயே விடப்பட்டது.

வேற்று மாநிலங்களிலும் கப்பல்களிலும் பிழைப்பை நாடிச் சென்றுள்ள தமிழ் மக்கள் இவற்றால் அறிய வேண்டுவன சில. தனி மனிதர் ஹேக் நகருக்கு எழுதும் மனு, அங்கே வழக்காகப் பதிவாகாது. தொடக்கம் எப்போதும் அண்மையிலுள்ள காவல் நிலையமும் நீதிமன்றமுமே. அங்கே முறையாகப் பதிவான முதல் தகவல் அறிக்கையும், படகின் உரிமைச் சான்றும், தொழிலாளர் பெயர்ப்பட்டியலும்தாம் பின்னர் நாடு நம் சார்பில் பேசுவதற்குச் சான்றாகும். பெயர்ப்பட்டியலில் இல்லாதவரின் பங்கை நிலைநாட்டுதல் அரிது. அயல்நாட்டின் பொருளாதார மண்டலத்தில் மீன்பிடித்ததாகக் கைதானால், கடற்சட்ட ஒப்பந்தத்தின் 73 ஆவது ஷரத்து துணைநிற்கும். தக்க பிணையத்தின்மீது படகையும் ஆட்களையும் விரைவில் விடுவிக்க வேண்டும். நாடுகளுக்கு இடையே வேறு உடன்பாடு இருந்தாலன்றி, மீன்பிடிக் குற்றத்துக்குச் சிறைத்தண்டனை விதிக்கலாகாது என்கின்றது அது. இவ்விதி 12 கடல் மைலுக்கு உட்பட்ட கடலுக்குப் பொருந்தாது. விடுவிக்க மறுக்கப்பட்டால், ஹாம்பர்க் தீர்ப்பாயத்தை அணுக 292 ஆவது ஷரத்தில் வழி உண்டு. ஆயின் படகு எந்நாட்டுக் கொடியுடையதோ அந்நாடு, அல்லது அதன் சார்பில் ஒருவர், கேட்டல் வேண்டும். ஆகவே அரசாங்கத்துக்கு உடனே அறிவிப்பது உறவினரின் முதற்கடமை.

சர்வதேச மன்றம் நாடுகளின் கணக்கைத் தீர்க்கும். மனிதரின் கணக்கைத் தீர்ப்பதற்கு அவரவர் நாட்டு நீதிமன்றமே வேண்டும். முன்னதன் தீர்ப்பு, பின்னதன் கதவைத் திறந்து கொண்டுதான் குடிமக்கள் வீட்டுக்குள் வருகின்றது. அக்கதவு சிறு நகரத்துக் கோர்ட்டுக் கட்டடத்தில் இருப்பினும், அதனை எளியதாகக் கருதிவிடுதல் ஆகாது.